நீங்கா நோயும் நீங்காக் கலையும்

நோய் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன, வந்து சில நாளில் போய்விடும் காய்ச்சலும் சளியுமேயாகும். நான்கு நாள் படுக்கை, இரண்டு நாள் கஞ்சி, பின்னர்ப் பழையபடி வேலை. ஆனால், வந்த பின் போகாத நோய்களும் உள. முடக்குவாதம், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, இதய நலிவு ஆகியன அத்தகையவை. மருந்தினால் அவற்றை அடக்கி வைக்கலாம். அடியோடு அகற்றுதல் பெரும்பாலும் இயலாது. அவற்றோடு பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். மலேசிய நாட்டில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் என்பது இதன் பொருள். எனவே, இஃது எங்கோ யாருக்கோ உற்ற துன்பமன்று; நம் இல்லத்திலும் ஆசிரியர் அறையிலும் இருக்கும் துன்பம்.

இத்தகைய நோய் வந்தவுடன் ஒருவர் முதலில் இழப்பது எதனை? வேலையை என்று நாம் எண்ணுவோம். அன்று. வேலை சோறு போடுவது. அதனை எப்பாடு பட்டேனும் காப்பாற்றிக் கொள்வர். வீட்டுக் கடமைகளையும் விடுவதற்கில்லை. ஆகவே, முதலில் விடப்படுவது மாலைப்பொழுதில் மகிழ்வு தந்த ஒன்றேயாகும். கோலமிட்டவர் கோலத்தை விடுகிறார். மிருதங்கம் வாசித்தவர் அதற்கு உறையிட்டு மூலையில் வைக்கிறார். சதுரங்கம் ஆடியவர் பலகையை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறார். வீட்டாரும் அன்பு மிகுதியால், “இனி அதெல்லாம் எதற்கு? பேசாமல் படுத்திருங்கள்” என்கின்றனர். அன்று முதல் அவர் கோலக்காரரும் அல்லர், கலைஞரும் அல்லர், ஆட்டக்காரரும் அல்லர், நோயாளர் மட்டுமே. உடலை நோய் தாக்கியது. ஆளை நாம் சேர்ந்து குறைத்துவிட்டோம்.

இவ்விழப்பு பெருமளவு தவிர்க்கக் கூடியது என்பதும், அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

மருந்தின் நாற்கூறு

வள்ளுவர் திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ எனப் பெயரிட்டார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அவை. நோயுற்றவரே மருத்துவத்தின் முதற்கூறு என்பதை நாம் கருத வேண்டும். அவர் கைகட்டி நிற்கும் பொருளல்லர். செயல் செய்யும் ஆள். அருகிருப்பவரும் ஒரு கூறே ஆவர். தட்டு ஏந்தி வருவது மட்டும் அவர் பணியன்று. நோயுற்றவர் தம் செயலைத் தாமே செய்துகொள்ள வழி அமைத்துத் தருவதும் அவர் பணியேயாகும்.

இன்றைய மருத்துவமும் இதனை ஏற்கிறது. நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்றொரு பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் ஆக்குப்பேஷனல் தெரபி என்பர். ஒருவர் உண்ணவும் உடுக்கவும் எழுதவும் வேலை செய்யவும் விளையாடவும் உடல்நிலைக்கேற்ற முறைகளைக் கற்பிப்பதே அப்பிரிவின் தொழில். பலர் அங்குச் சென்றும், “சட்டைப் பொத்தான் போட முடியவில்லை” என்று கூறுவரேயன்றி, “தாயம் உருட்ட முடியவில்லை” என்று கூற நாணுவர். நாணத் தேவையில்லை, அதுவும் அவர்கள் கேட்க வேண்டிய செய்தியே.

உயிர் எது, உடல் எது?

ஒரு கலையையோ ஆட்டத்தையோ நோயின் நிலைக்கு ஏற்ப மாற்ற முற்படுபவர் முதற்கண் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும். “இக்கலையின் உயிர் எது? உடல் எது?” என்பதே அது. கருவி, அமரும் நிலை, அளவு, வேகம், நேரம் ஆகியன கலையின் உடல். எதனால் அஃது அக்கலை ஆகின்றதோ, எதனை நாடி நாம் அதனிடம் செல்கின்றோமோ, அதுவே உயிர். உடலை எவ்வளவும் மாற்றலாம். உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே கலையைக் கைவிடுகின்றனர்.

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். விடியலில் எழுதல், வாசல் தெளித்தல், இடுப்பை வளைத்துக் குனிதல், இருவிரல் நடுவே மாவை ஒழுகவிடுதல் ஆகியன அதன் உடல். முழங்காலும் இடுப்பும் விரலும் வலிக்கும் ஒருவருக்கு இவை நான்கும் கடினம். ஆயின், புள்ளிக் கோலத்தின் உயிர் எங்கே உள்ளது? புள்ளிகளின் ஒழுங்கிலும், அவற்றைச் சுற்றி அறுபடாது ஓடி வரும் கோட்டின் விதியிலும் அன்றோ? சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974ஆம் ஆண்டில் கோலங்களைக் கணித இலக்கணத்தால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். கணினி அறிவியலார் அதனை இன்றும் எடுத்துக்காட்டுவர். மாவும் வாசலும் இன்றியே கோலத்தின் விதி தாளில் உயிரோடு நின்றது என்பதை அவ்வாராய்ச்சி புலப்படுத்துகிறது. ஆகவே, மேசைமேல் ஒரு தட்டை வைத்து அதில் மாவால் இடுவதும், கற்பலகையில் தடித்த சுண்ணக்கோலால் வரைவதும், கட்டத்தாளில் புதிய புள்ளி வகைகளை அமைப்பதும் கோலமேயாகும். வாசலில் குனிந்து இடுவது மகளாக இருக்கலாம். கோலத்தை ஆக்கியவர் தாயே.

மிருதங்கக் கலைஞரின் விரல்கள் வீங்கிவிட்டால், தாளக் கணக்கு அவரை விட்டுப் போவதில்லை. சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோல் என்பது நம் இசை மரபிலேயே தனிக்கலையாக இருந்து வருகிறது. கையிலிருந்த கலை வாய்க்கு இடம் பெயர்வது, நம் முன்னோர் ஏற்கெனவே அமைத்து வைத்த வழியாகும்.

எழுத்துக் கலையிலும் சான்று உண்டு. ‘புதையல் தீவு’ எனும் புகழ்பெற்ற கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் (1850–1894) இளமை முதல் நுரையீரல் நலிவால் வருந்தியவர். எழுதக் கை ஓய்ந்தபோது, தாம் சொல்லச் சொல்லத் தம் மனைவியின் மகளை எழுதச் செய்தார். 1893ஆம் ஆண்டில் பேசவும் கூடாத நிலை ஏற்பட்டபோது, விரல்களால் எழுத்துகளைக் காட்டிக் கதை கூறினார். பேனாவும் குரலும் போயின, கதை போகவில்லை.

ரெனுவாரின் கை

நோயோடு போராடிய கலைஞர்களுள் பிரஞ்சு ஓவியர் ஒகுஸ்த் ரெனுவார் (1841–1919) வரலாறு நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. அவருக்கு 50 வயதளவில், 1892ஆம் ஆண்டையொட்டி, முடக்குவாதம் தொடங்கியது. இது முதுமையால் வரும் மூட்டுத் தேய்மானமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி, வீங்கச் செய்து, நாளடைவில் உருச்சிதைப்பது. இன்று அதனை அடக்க நல்ல மருந்துகள் உள, அன்று இல்லை. ரெனுவாரின் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கின, தோள் இறுகியது, 1912ஆம் ஆண்டளவில் சக்கர நாற்காலியை நாடும் நிலை வந்தது. எனினும், இறுதிநாள் வரை அவர் வரைந்தார்.

எவ்வாறு வரைந்தார்? தூரிகையை அவருடைய கையோடு சேர்த்துக் கட்டினர் என்று பலரும் எழுதுவர். அது சரியன்று. மடங்கிய விரல்களின் நகமும் தூரிகைக் காம்பும் மெலிந்த தோலைப் புண்ணாக்காதபடி உள்ளங்கையில் துணி சுற்றப்பட்டது. தூரிகையை உதவியாளர் எடுத்துக் கையில் பொருத்தித் தருவர். அதனைப் பற்றி ஆண்டவர் அவரே. தோள் உயரவில்லை, ஆதலின், பெரிய துணியின் மேற்பகுதியை எட்ட இயலவில்லை. அதற்கென உருளைகள் பூட்டிய சட்டம் ஒன்றை அமைத்தனர். துணியை உருளைகளில் சுற்றி மேலும் கீழும் நகர்த்தினால், வரைய வேண்டிய பகுதி அவர் கைக்கு முன்னே வந்து நிற்கும். கை துணியிடம் போக முடியாதபோது, துணி கையிடம் வந்தது! 1913 முதல் சில ஆண்டுகள், கினோ எனும் இளஞ்சிற்பியின் கைகளைக் கொண்டு, தாம் வழிகாட்டி நின்று சிற்பங்களும் சமைத்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. நோயின் தொடக்க ஆண்டுகளில், விரல்கள் இறுகிவிடாதிருக்க அவர் சிறு பந்துகளை எறிந்து பிடிக்கும் ஆட்டத்தை நாள்தோறும் பயின்றார். பில்லியர்ட்ஸ் ஆட்டமும் ஆடினார். விளையாட்டைப் பொழுதைப் போக்குவதாக மட்டும் அவர் கருதவில்லை. கைக்கு மருந்தாகவும் கொண்டார்.

ரெனுவாருக்குப் பணமும் பணியாளரும் இருந்தனர். நம் தோட்டப்புறத்து மக்களுக்கு அவை ஏது என்று வாசகர் வினவலாம். நேர்மையான வினா. உருளைச் சட்டம் எல்லார்க்கும் வாயாது. ஆனால், அச்சட்டத்தின் பின்னே நின்ற எண்ணம் செலவில்லாதது. பொருளைக் கைக்கு அருகில் கொணர், பிடியைத் தடித்ததாக்கு, மெலிந்த இடத்தைத் துணியால் காப்பாற்று. எழுதுகோலுக்கும் தூரிகைக்கும் தையலூசிப் பிடிக்கும் துணியோ ரப்பர்க் குழாயோ சுற்றித் தடிப்பாக்குதல் காசில்லாத வேலை. மெல்லிய காம்பை இறுகப் பற்றும்போது விரல் மூட்டுகள் படும் பாட்டைத் தடித்த காம்பு குறைக்கிறது. தாளைப் படுக்க வைக்காமல் சாய்பலகையில் வைத்தால் கழுத்தும் தோளும் ஓய்வு பெறும். ஒரு கையால் தூக்குவதை இரு கைகளால் தூக்குக. விரலால் செய்வதை உள்ளங்கையால் செய்க. மூட்டுக் காப்பின் அடிப்படை விதிகள் இவையே.

மத்தீசின் கத்தரிக்கோல்

ரெனுவார் தம் கலையைத் தொடர்ந்தார். ஆன்றி மத்தீஸ் (1869–1954) தம் கலையை மாற்றினார். 1941ஆம் ஆண்டில் குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். உயிர் பிழைத்தார், ஆனால் நெடுநேரம் நின்று வரையும் வலிமை திரும்பவில்லை. நாளின் பெரும்பகுதி படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே கழிந்தது. அவர் என் செய்தார்? உதவியாளரைக் கொண்டு தாள்களில் வண்ணம் பூசச் செய்தார். அத்தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி வடிவங்கள் ஆக்கினார். அவற்றைச் சுவரில் ஊசியால் குத்தி, “மேலே, சற்று இடப்பக்கம்” என்று சொல்லி நகர்த்தச் செய்தார். முன்னர் இம்முறையைப் பெரிய ஓவியங்களுக்குத் துணையாகவே பயன்படுத்தினார். இப்பொழுது அதுவே தனிக்கலை ஆயிற்று. 1947ஆம் ஆண்டில் ‘ஜாஸ்’ எனும் நூல் இம்முறையில் வெளிவந்தது. 1953ஆம் ஆண்டு ஆக்கிய ‘நத்தை’ எனும் பெரும்படம் இன்று இலண்டன் டேட் கலைக்கூடத்துக்கு உரியது. வான்ஸ் எனும் ஊரின் தேவாலயச் சுவரோவியங்களுக்கு நீண்ட கழியின் முனையில் கரிக்கோலைக் கட்டி வரைந்து பார்த்தார்.

மத்தீஸ் ஓவியரானதே ஒரு நோயினால்தான். 1890ஆம் ஆண்டில் அவர் சட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். குடல்வால் அழற்சியால் படுக்கையில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று அன்னையார் வண்ணப்பெட்டி ஒன்றை வாங்கித் தந்தார். நோயாளர்க்குப் பழம் வாங்கிச் செல்லும் நாம், எப்போதேனும் ஒரு வண்ணப்பெட்டி வாங்கிச் சென்றதுண்டா?

இவ்விருவர் வரலாற்றிலும் இருவேறு பாதைகள் தெரிகின்றன. ஒன்று, அதே கலையைக் கருவி மாற்றித் தொடர்வது. மற்றொன்று, அதன் உயிரைப் பிறிதொரு கலைக்குள் புகுத்துவது. எப்பாதை ஏற்றது என்பதை நோயுற்றவரே முடிவு செய்ய வேண்டும். சில கலைகளை எவ்வாறு மாற்றினும் மீட்க இயலாமலும் போகலாம். அப்போது அவ்விழப்பிற்கு வருந்த அவருக்கு உரிமை உண்டு. “இதற்கா வருந்துகிறீர்?” என்று கேட்பது இரக்கமாகாது.

பல்லாங்குழி முதல் கணினி வரை

இனி, விளையாட்டைப் பார்ப்போம். ஆட்டத்திற்கும் உயிரும் உடலும் உண்டு. பல்லாங்குழியின் உடல், பதினான்கு குழிகள் உடைய பலகையும் புளியங்கொட்டையும் சோழியும். அதன் உயிர் கணக்கு. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்ற முன்னறிவு. நம் நாட்டு மலாய் மக்களின் சொங்காக் ஆட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரு முனையிலும் களஞ்சியக் குழிகள் அதற்கு உண்டு. புளியங்கொட்டையைக் கிள்ளி எடுக்க இரு விரல் நுனிகள் கூர்மையாகச் சேர வேண்டும். முடக்குவாதக் கைக்கு இதுவே கடினம்.

நான் பணியாற்றிய தோட்டமொன்றில், பால்மரம் சீவி ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். விரல்கள் கோணிய பின்னும் அவர் பல்லாங்குழியை விடவில்லை. பால் பிடிக்கும் மங்குகள் பதினான்கை இரு வரிசையாக மேசைமேல் வைத்தார். குழிக்கு ஐந்தாக எழுபது ரப்பர்க் கொட்டைகளைப் பரப்பினார். ரப்பர்க் கொட்டை பருமனானது. கிள்ள வேண்டியதில்லை, அள்ளலாம். அள்ள முடியாத நாளில், மங்கையே கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக உருட்டிவிடுவார். அவரை வென்ற சிறுவரை நான் கண்டதில்லை. பச்சை ரப்பர்க் கொட்டை நச்சுத்தன்மை உடையது. குழந்தைகள் வாயிலிடாமல் காத்தல் வேண்டும் என்பதனையும் இங்குச் சொல்லி வைக்கிறேன்.

சீட்டாட்டத்தில் பல சீட்டுகளை விசிறிபோல் பிடித்தல் வலிமிக்க வேலை. துணி துவைக்கும் பிரஷைக் கவிழ்த்து வைத்து, அதன் மயிர்களினூடே சீட்டுகளைச் செருகினால் அவை நிமிர்ந்து நிற்கும்; ஒரு கை போதும். சிறுநீரகம் செயலிழந்தோர் பலர் வாரத்திற்கு மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஒரு கையை அசைக்காமல் வைத்து இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கின்றனர். வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்துக் கிடப்பதா? ஒருகை ஆட்டங்கள் அவர்களுக்கெனவே அமைந்தவை.

நீரிழிவு முற்றினால் கண்ணின் விழித்திரை பழுதுறுவதுண்டு. பார்வை மங்கினால் சதுரங்கம் போய்விட்டதென்று பலர் எண்ணுவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளிலேயே பார்வையற்றோர்க்கெனத் தனிப்பகுதி உண்டு. அவர்தம் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துளை இருக்கும். காய்களின் அடியில் முளை இருக்கும். கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம் இருக்கும். விரலால் தடவியே ஆட்டத்தின் நிலையை அறியலாம். நகர்த்தலை வாயால் சொல்ல வேண்டும் என்பதும் விதி. நீரிழிவால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்க்குத் தடவியறிதல் கடினமாகலாம். அத்தகையோர் பெரிய காய்களையும், நிறவேறுபாடு மிக்க பலகையையும், நல்ல வெளிச்சத்தையும் நாடலாம்.

கணினி ஆட்டத்தைப் பற்றி நம் ஆசிரியருள் பலர்க்கு நல்லெண்ணம் இல்லை. நலமான சிறுவன் படிப்பை விட்டு ஆடுவது வேறு. திடலுக்குச் செல்ல இயலாத சிறுவன் தோழரோடு சேர்ந்து ஆடக் கிடைத்த ஒரே களம் கணினியாக இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒரே கோலால் அடித்தல் நீதியன்று. 2018ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்’ எனும் கருவியை வெளியிட்டது. உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தத்தக்க இரு பெரும் பொத்தான்கள் அதில் உண்டு. அவரவர் இயலுமைக்கேற்ப வேறு பொத்தான்களையும் பொருத்திக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டில் சோனி நிறுவனமும் ‘ஆக்சஸ்’ என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. இவற்றை வாங்க வசதியில்லையெனினும் கவலை வேண்டா. ஆட்டங்கள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில், வேகத்தைக் குறைக்கவும், எழுத்தைப் பெரிதாக்கவும், பொத்தான்களின் இடத்தை மாற்றவும் வழி வைத்துள்ளனர். விரைந்து அழுத்தும் ஆட்டத்தை விட்டு, முறை வைத்து ஆடும் ஆட்டத்தை நாடினால், கை ஓய்வு கொள்ள மூளை வேலை செய்யும்.

நேரமும் ஒரு கருவியே

கருவியை மாற்றுவோர் பலர், நேரத்தை மாற்ற மறந்துவிடுகின்றனர். நீங்கா நோயின் இயல்பு ஏற்றமும் இறக்கமும் ஆகும். நல்ல நாள் ஒன்று வாய்த்தால், விட்டதையெல்லாம் பிடிக்க வேண்டுமென்று நான்கு மணி நேரம் தைப்பர். அதன் விளைவாக மூன்று நாள் எழ இயலாது போகும். பின்னர், “தையல் எனக்கு ஆகாது” என்று முடிவு கட்டுவர். ஆகாதது தையலன்று, நான்கு மணி நேரமே.

ஆகவே, மூன்று விதிகளைக் கைக்கொள்க. ஒன்று: களைப்பு வந்தபின் நிறுத்தாதீர், கடிகாரத்தைப் பார்த்து, களைப்பு வருமுன் நிறுத்துக. பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் தொடங்கலாம். இரண்டு: செய்து முடித்து இரண்டு மணி நேரத்திற்கு மேலும் மிகுதியான வலி நீடித்தால், அளவு மீறிற்று என்று அறிந்து அடுத்த முறை குறைத்துக்கொள்க. வீங்கிச் சுடும் மூட்டுக்கு ஓய்வே தருக. மூன்று: நேரத்தைத் தேர்ந்துகொள்க. முடக்குவாதம் உடையோர்க்குக் காலையில் மூட்டுகள் இறுகியிருக்கும். அவர்க்கு வெந்நீர்க் குளியலுக்குப் பிந்திய முற்பகலோ பிற்பகலோ ஏற்றது. கருவிகள் யாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டால், எந்நேரமும் தொடங்கவும் எந்நேரமும் நிறுத்தவும் இயலும்.

கெட்ட காலத்தைக் கண்டு கலையே முடிந்ததென்று எண்ணுதலும் தவறு. பவுல் க்ளே எனும் ஓவியர் 1935ஆம் ஆண்டில் கொடிய நோயுற்றார். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய் அஃது எனப் பிற்கால மருத்துவர் கருதுவர். 1936ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஆக்கியவை 25 படைப்புகளே. நுண்ணிய கோடுகளை விட்டுத் தடித்த கோடுகளுக்கு மாறினார். 1939ஆம் ஆண்டில், மறைவதற்கு முந்திய ஆண்டில், அவர் ஆக்கியவை 1,253. எல்லார்க்கும் இவ்வாறு நிகழும் என்று கூற இயலாது. ஆயின், 1936இல் அவருடைய தூரிகைகளை யாரேனும் பரண்மேல் ஏற்றியிருந்தால், 1939 வந்தே இராது.

காக்க வேண்டியவை

ஆர்வத்தால் தீங்கு நேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரிழிவால் கை கால்களில் உணர்ச்சி குன்றியவர் ஊசி குத்தியதையும் முள் தைத்ததையும் அறியாமலிருக்கக்கூடும். தையலின்போது விரற்கவசமும், தோட்ட வேலையின்போது மூடிய காலணியும் இன்றியமையாதன; வேலை முடிந்தபின் கையையும் காலையும் கண்ணால் நோக்குதல் வேண்டும். ஆட்டத்தின் ஆர்வத்தில் உணவு வேளையும் மருந்து வேளையும் தவறக் கூடா. ஈளை உடையோர் சுண்ணப்பொடியையும் சாய நெடியையும் தவிர்த்தல் நன்று. வலிப்பு உடையோருள் ஒரு சிறு பகுதியினர்க்கு, பளிச்சிட்டு மறையும் ஒளியே வலிப்பைத் தூண்டும். 1997ஆம் ஆண்டு திசம்பர் 16ஆம் நாள் சப்பான் நாட்டில், தொலைக்காட்சிக் கேலிப்படமொன்றில் சிவப்பும் நீலமும் விரைந்து மின்னியதைக் கண்ட 600க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கணினி ஆட்டங்களிலும் இத்தகைய ஒளி வருவதுண்டு. வலிப்பு உடைய பிள்ளைக்கு ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

நம் வகுப்புகளிலும் நீங்கா நோயுடைய பிள்ளைகள் உளர். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளையும், மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா உடைய பிள்ளையும் எப்பள்ளியிலும் இருக்கக்கூடும். விளையாட்டு வேளையில் அவர்களை நாம் என் செய்கிறோம்? பெரும்பாலும் நிழலில் அமர்த்தி, “நீ புள்ளிகளைக் குறித்துக்கொள்” என்கிறோம். பிறர் எடுத்த புள்ளிகளைக் குறிப்பது விளையாட்டாகுமா? ஆண்டு முழுவதும் அதனையே செய்யும் குழந்தை, வாழ்வில் தனக்குரிய இடம் ஓரத்திலேயே என்று கற்றுக்கொள்ளும். அது நம் பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். எனினும் நாமே கற்பிக்கும் பாடம்.

இதற்கு மாற்று, நோயுற்ற பிள்ளைக்கென்று தனி ஆட்டம் வகுப்பதன்று. எல்லாரும் சேர்ந்தாடும் ஆட்டத்தை அப்பிள்ளையும் ஆடத்தக்கதாக மாற்றுவதேயாகும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு முழுவதும் பல்லாங்குழியும் சதுரங்கமும் ஆடட்டும். பந்தாட்டத்தில் ஓடும் தொலைவைக் குறைத்து, ஆட்டக்காரரை அடிக்கடி மாற்றுவதாக விதி அமைக்கட்டும். ஓவியப் போட்டியில் கைவலி உள்ள மாணவிக்கு இடையிடையே ஓய்வுடன் கூடுதல் நேரம் தரலாம். தாளை வெட்டி ஒட்டுவதும் ஓவியம் என ஏற்கலாம். விதியை எவ்வாறு மாற்றலாம் என்பதை அப்பிள்ளையையே கேளுங்கள். தன் உடலின் வரம்பை நம்மினும் நன்கறிந்தது அதுவே. வள்ளுவர் முதற்கூறாக வைத்ததும் நோயுற்றவரையே.

வீட்டிலும் இதனையே செய்யலாம். நோயுற்ற தந்தையிடம், “மருந்து சாப்பிட்டீர்களா?” என்று நாள்தோறும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதனோடு, “இன்று என்ன ஆடினீர்கள் அப்பா?” என்றும் கேட்போம். பெரியம்மாவுக்குப் பழத்தோடு ஒரு கட்டத்தாள் ஏடும், தடித்த எழுதுகோல் ஒன்றும் வாங்கிச் செல்வோம். அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்த சதுரங்கப் பலகையைக் கீழே இறக்கி, தூசு தட்டி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்போம். எதிரே அமர்ந்து ஆட ஓர் ஆளும் வேண்டும். அவ்வாள் நாமாக இருப்போமாக.